கத்திரி வெயிலில் வீட்டுத் தோட்டம்: சித்திரை முதல் ஆடிப்பட்டம் வரை

பழைய பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அந்த இளவேனிலின் நடுவில்தான், மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை, அக்னி நட்சத்திரம் நிற்கிறது. திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்த நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அதே தளத்தில் முப்பது பைகளில் கத்தரியும் மிளகாயும் கீரையும் நிற்கின்றன. கீழே கொல்லையில் ஒரு சுரைப் பந்தல், ஒரு வெண்டைப் பாத்தி, மூலையில் ஒரு முருங்கை.

மாடித் தோட்டம் தொடங்குகிறவர்களில் பலர் மனம் வெறுத்து விடுவது இந்த மாதங்களில்தான். தை மாதத்தில் செழித்த செடி சித்திரையில் கருகும்போது உரம் போடுகிறார்கள், தண்ணீரை இரட்டிப்பாக்குகிறார்கள், கடையில் கிடைத்த பூச்சிமருந்தைத் தெளிக்கிறார்கள். மூன்றுமே செடியை விரைவாகக் கொல்லும். நான் இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இந்த நாட்களில் செடியிடம் காய் கேட்கக் கூடாது, அதன் வேரைக் காப்பாற்ற வேண்டும். வேர் பிழைத்தால் ஆடியில் அதே செடி மறுபடி துளிர்க்கும்.

முதலில் எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது

சித்திரை பிறந்ததும் ஒரு காலையில் களைக்கொட்டோடு தோட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எல்லாச் செடியையும் கோடை கடத்திவிட முடியாது. தண்ணீரும் நிழலும் அளவோடுதான் இருக்கின்றன. அவற்றைத் தகுதியான செடிக்குக் கொடுக்க வேண்டும்.

தையில் நட்ட தக்காளி இப்போது அடியிலை பழுத்து நிற்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பூ வரும், காம்போடு உதிரும். இதற்கு எந்த உரமும் எந்தக் கரைசலும் மருந்தல்ல. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர் தெளித்தால் பூ நிற்கும் என்பார்கள். மற்ற பருவத்தில் அது பயன்படலாம், ஆனால் மே மாதத் தக்காளியில் நான் பலன் கண்டதில்லை. இருக்கும் காய் பழுத்ததும் செடியை எடுத்துவிடுங்கள். முட்டைக்கோசு, காலிஃபிளவர், கேரட் எல்லாம் சமவெளியில் இந்த மாதத்துக்குரியவை அல்ல.

கத்தரியும் மிளகாயும் வேறு ரகம். அவை பல மாதங்கள் வாழக்கூடியவை. இப்போது காய் குறைந்தாலும் பிடுங்க வேண்டாம்.

வெயிலை விரும்பும் கூட்டம் ஒன்று உண்டு: வெண்டை, கொத்தவரை, காராமணி, சுரை, பீர்க்கு, பாகல், தண்டங்கீரை, கொடிப்பசலை. இவற்றைச் சித்திரையிலேயே விதைக்கலாம். வெண்டை விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்றினால் 45 நாளில் முதல் காய் பறிக்கலாம். கோடையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய்தான் வெண்டைக்குப் பெரிய எதிரி. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனாமிகா ரகம் அதைத் தாங்குகிறது என்பதால் இந்தப் பட்டத்துக்கு நான் அதையே தேடி வாங்குகிறேன். கீரைக்கு 25 நாள் போதும். பட்டத்து அவரையை மட்டும் இப்போது ஊன்ற வேண்டாம். பகல் பொழுது சுருங்கினால்தான் அது பூக்கும். அதுவரை வெறும் கொடியாக ஓடிப் பந்தலை அடைத்துக்கொள்ளும்.

பிடுங்கிய செடிகளின் வேரை உதறிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். அதற்கு வெயிலிலேயே வைத்தியம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர்: எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர்

மாடித் தோட்டத்தில் நான் கண்ட முதல் கோடையில் எட்டுக் கத்தரிச் செடிகள் போயின. காரணம் வறட்சி அல்ல. பிற்பகலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி, அந்த வெயிலிலேயே வாளி வாளியாக ஊற்றினேன். அடி வேர் அழுகி, வாடல் நோய் பற்றிக்கொண்டது.

அகன்ற இலையுள்ள செடிகள் நடுப்பகலில் வாடுவது இயல்பு. வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை ஆவியாக விடும் வேகம் கூடும்போது இலை தன்னைத் தொங்கவிட்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சுரையும் பூசணியும் இரண்டு மணிக்குத் துவண்டு, மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிடும். ஆகவே செடியின் தாகத்தைப் பிற்பகலில் கணக்கிடாதீர்கள். காலை ஆறரை மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கினால்தான் கவலை. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள்: மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், மண் ஈரமாக இருந்தும் காலையில் இலை தொங்கினால் வேர் நோயுற்றிருக்கிறது, தண்ணீரை நிறுத்துங்கள்.

காலை ஏழு மணிக்குள் பெரிய நீர், மாலையில் சிறிய நீர் என்பது என் வழக்கம். ஓரடி உயரப் பைக்குக் காலையில் ஒரு லிட்டர், மாலையில் மண் கேட்டால் அரை லிட்டர். தரையில் இருக்கும் செடிக்கு அன்றாடம் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய விட்டு ஆழத்துக்கு இறங்கவிடுவது நல்லது. மேலாக நனைத்தால் வேரும் மேலாகவே படரும். மேல்மண் சுடும்போது முதலில் அந்த வேர்தான் வெந்துபோகும்.

மாலை நீரில் ஒரு கண்ணி இருக்கிறது. மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் தண்ணீர் ஐந்து மணிக்குக் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். தளத்தில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது கொதிநீர் போலவே இருக்கும். காலையிலேயே இரண்டு வாளி பிடித்து நிழலில் மூடி வைத்துவிட்டால் மாலைக்கு ஆகும்.

அடுத்தது உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் பையின் விளிம்பில் வெள்ளைப் படிவம் தெரியும். கோடையில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கிக்கொண்டே போகிறது. இலை நுனி தீய்ந்ததுபோல் பழுப்பாகிறது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடித்துளை வழியே ஓடுமளவு ஊற்றி அந்த உப்பைக் கழுவிவிடுங்கள். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் கழிவுநீர் சிக்கனமாகத் தோன்றினாலும், உப்பெல்லாம் அதில்தான் திரண்டிருக்கிறது; காய்கறிப் பைகளுக்கு அது வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. அதை வாளியில் பிடித்து ஊற்றலாம். அரிசி கழுவிய நீர், பருப்பு கழுவிய நீர் அன்றன்றைக்கு நேராகச் செடிக்குப் போகட்டும்.

தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த பைகள் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை ஏற்காது. மண் சுருங்கிப் பக்கவாட்டில் இடைவெளி விட்டிருக்கும். ஊற்றிய நீர் அந்த வழியே அடியில் ஓடிவிடும். பார்ப்பவருக்கு நனைந்ததுபோல் தெரியும், நடுவில் வேர்ப்பந்து உலர்ந்தே கிடக்கும். அத்தகைய பையை ஓர் அகன்ற தொட்டியில் நாலங்குல நீரில் அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறும்.

இரண்டு மூன்று நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால் மண்பானைதான் துணை. வண்ணம் பூசாத சிறு பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுங்கள். மண் உலர உலரப் பானையின் சுவர் வழியே நீர் கசியும். கொல்லையில் சுரைக்கும் பாகலுக்கும் நடுவில் நான் வைத்திருக்கும் ஒரு பானை இரண்டு செடிகளைத் தாங்குகிறது.

மூடாக்கும் நிழலும்

வெறும் மண்ணை வெயிலில் காட்டாதீர்கள். வைக்கோல், காய்ந்த வேப்பிலை, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டைத் துண்டு, எது கிடைத்தாலும் மூன்று அங்குலக் கனத்தில் பரப்புங்கள்; இதுதான் மூடாக்கு. தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், எறும்பும் குடியேறும். மூடாக்கு போட்ட பையையும் போடாத பையையும் பிற்பகலில் தொட்டுப் பார்த்தால் வேறுபாடு கையிலேயே தெரியும்.

பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். அடியில் காற்று ஓடும், தளத்தின் சூடு வேருக்கு ஏறாது. தள்ளித் தள்ளி அழகாக அடுக்கியிருந்தால் இப்போது நெருக்கி வைத்துவிடுங்கள். ஒரு பை இன்னொரு பைக்கு நிழல். மேற்குப் பக்கம்தான் பையின் சுவர் அதிகம் சுடும். அங்கே ஒரு வரிசை பழைய சாக்கையோ தென்னங்கீற்றையோ நிறுத்திவிட்டால் உள்வரிசை தப்பிக்கும்.

நிழல்வலை வாங்குபவர்கள் அடர்த்தியானதே நல்லது என்று 75 சதவீத வலையைக் கட்டிவிடுகிறார்கள். காய்க்கும் செடிக்கு அது இருட்டறை. தண்டு மெலிந்து நீளும், பூ வராது. கத்தரி, மிளகாய்க்கு 35 சதவீதம் போதும். கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீதம். வெண்டைக்கும் கொத்தவரைக்கும் நிழலே தேவையில்லை. வலையைச் செடியின் தலையில் படும்படி தாழக் கட்டாமல் ஏழடி உயரத்தில் கட்டுங்கள்.

கொடிக்காய்களும் மகரந்தமும்

"சுரை பூவாகப் பூக்கிறது, ஒரு பிஞ்சும் நிற்கவில்லை" என்று கேட்காதவர் இல்லை. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. இரண்டு வாரம் கழித்துத்தான் அடியில் குட்டிக் காயோடு பெண் பூ வரும். அதுவும் மகரந்தம் சேராவிட்டால் மஞ்சளாகிச் சுருங்கி விழும்.

மாடிக்கு, அதுவும் கோடையில், தேனீ குறைவாகத்தான் வருகிறது. நீங்களே சேர்த்துவிடலாம், ஆனால் நேரம் அறிந்து செய்ய வேண்டும். பூசணி விடிகாலையில் மலர்கிறது. ஏழு மணிக்குமேல் போனால் வீண். பாகலும் காலைப் பூ. பீர்க்கு மாலை ஐந்து மணிக்கு மேல் மலர்கிறது. சுரை அந்தியில் வெள்ளையாக விரிகிறது. புடல் இருட்டிய பிறகு. அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண் பூ மூன்று பெண் பூக்களுக்கு ஆகும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலை கவிழ்ந்து பருக்கத் தொடங்கினால் சேர்ந்துவிட்டது என்று பொருள். என் வீட்டுச் சுரைப் பந்தலுக்கு இந்த அந்தி வேலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உரிமையோடு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நின்ற பிஞ்சுக்கு அடுத்த ஆபத்து பழ ஈ. பிஞ்சிலேயே குத்தி முட்டையிடும். காய் கோணி, உள்ளே புழு நெளியும். சேர்க்கை முடிந்த மூன்றாம் நாளே பிஞ்சைக் காகிதப் பையாலோ மெல்லிய துணியாலோ தளர்வாகக் கட்டிவிடுங்கள். கெட்ட காய்களை உரக்குழியில் போட்டால் அங்கேயிருந்தே அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பூச்சி: கையும் தண்ணீரும் முதலில்

கோடையின் பூச்சிகள் மூன்று: மாவுப்பூச்சி, செஞ்சிலந்தி, இலைப்பேன். மூன்றுக்கும் வறண்ட காற்று பிடிக்கும். மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் செஞ்சிலந்தியின் உறவான சிலந்திப் பேன். இலையின் அடிப்பக்கம் படும்படி காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே முதல் வைத்தியம். மாவுப்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டு, எறும்புகள் ஏறும் பாதையை அடையுங்கள். எறும்புதான் அதன் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கிறது.

தேய்ப்பதற்கு முன் கூர்ந்து பாருங்கள். மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு, ஆனால் பெரிதாக, வேகமாக நகரும் புழு ஒன்று தெரிந்தால் அது பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே அலைக்கழித்தது. எந்த மருந்துக்கும் முழுதாகக் கட்டுப்படாத அது, 2010-இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியிடம் அடங்கியது. கடுமையான நஞ்சைத் தெளித்தால் அந்தக் குளவியும் பொறிவண்டும்தான் முதலில் சாகும்.

அதற்குமேலும் தேவைப்பட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி, கூடவே காதி சோப்புக் கரைசல் சில துளி. நன்றாகக் கலங்கிப் பால்போல் ஆக வேண்டும். மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் தெளிக்க வேண்டும். பகலில் தெளித்தால் எண்ணெய்ப் படலத்தில் வெயில் பட்டு இலை கருகும். வாடி நிற்கும் செடிக்குத் தெளிக்கவே கூடாது. முந்தின நாள் தண்ணீர் கொடுத்து நிமிரச் செய்துவிட்டுத் தெளியுங்கள். நரம்புத் தேமல் வந்த வெண்டைக்கு மட்டும் மருந்தில்லை. வேரோடு எடுத்துவிடுவதே மற்றவற்றுக்குக் காப்பு.

வெயிலை வேலை வாங்குங்கள்

கோடை உழவு கோடி நன்மை என்றார்கள். வயலுக்குச் சொன்னது பைக்கும் பொருந்தும். பழைய பைகளின் மண்ணையும், நூற்புழு இருந்த மண்ணையும் தளத்தில் கொட்டிக் கட்டி உடைத்து, வேர்களைப் பொறுக்குங்கள். நன்றாக ஈரமாகும்படி தண்ணீர் தெளித்து, ஆறங்குலக் கனத்தில் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அது தானே சூடாகும், மண்ணுக்குள் வெப்பம் குறைவாகவே இறங்கும். ஈரம் முக்கியம். ஈரமான மண்தான் சூட்டை உள்ளே கடத்தும். நான்கு முதல் ஆறு வாரம் இப்படிக் கிடந்தால் நூற்புழு, வாடல் பூஞ்சை, களைவிதை பெரும்பாலும் அடங்கிவிடும்.

நல்ல உயிர்களும் அதில் குறைந்துபோகும் என்பதால், திறந்ததும் இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, வாடல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைகோடெர்மா கொஞ்சம் சேர்த்து, நிழலில் பதினைந்து நாள் ஈரப்பதத்தோடு வைத்திருங்கள்.

விதை எடுக்கவும் இதுவே நாள். நோயில்லாத செடியில், நன்றாக வந்த ஒரு வெண்டையையும் ஒரு பீர்க்கையும் ஒரு சுரையையும் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுங்கள். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். இரண்டு நாள் இளவெயிலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி, உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் அடையுங்கள். கலப்பின விதையிலிருந்து வந்த செடியில் எடுக்காதீர்கள். பிள்ளை தாயைப்போல் இருக்காது.

வைகாசிக் கடைசியிலிருந்து தெருவில் வேப்பம்பழம் உதிரத் தொடங்கும். பொறுக்கிச் சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சாக்கில் வையுங்கள். மூன்று மாதம் ஆன கொட்டையை உடைத்து, 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டினால் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். எட்டு மாதத்துக்குமேல் பழையதாகிவிட்டால் வீரியம் குறையும். ஆண்டு முழுவதும் மருந்துச் செலவைக் குறைத்தது எனக்கு இந்தப் பொறுக்கல்தான்.

கவாத்தும் ஆடி நாற்றும்

ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தில் பருவமழை தொடங்கும்போது, மழை மறைவில் இருக்கும் எங்கள் பக்கம் மேல்காற்றுதான் வருகிறது. அதற்கு முன் பந்தல் கால்களை இறுக்குங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு கொம்பு நட்டு எட்டுப்போல் கயிறு கட்டுங்கள்.

கத்திரி முடிந்து, ஒரு கோடை மழையும் பெய்த பிறகு, கத்தரிச் செடியைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சாய்வாக வெட்டுங்கள்; இதுதான் கவாத்து. கத்தியைச் சுத்தமாக வைத்திருங்கள். வெட்டுவாயில் மஞ்சள் குழைத்துப் பூசுங்கள். தண்டைப் பிளந்து பார்த்து உள்ளே துளைப்பான் புழு இருந்தால் இன்னும் கீழே வெட்டுங்கள். மேல்மண்ணைக் கொத்தி இரண்டு கை மண்புழு உரம் இட்டால் இரண்டு வாரத்தில் புதுத் துளிர். இதைக் கத்திரி வெயிலின் நடுவில் செய்தால் செடி பட்டுப்போகும், அவசரப்படாதீர்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை ஆடியில் நாற்று விடுவதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். விதையாகவே ஊன்றும் பயிருக்கு அது சரி. நாற்று நடும் பயிருக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ஆடி முதல் நாள் ஜூலை 17 வாக்கில் வருகிறது. மிளகாய் நாற்றுக்கு 40 நாள் வேண்டும். ஆகவே ஜூன் முதல் வாரமே குழித்தட்டில் விதை விழ வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், ஜூன் நடுவில். தக்காளிக்கு 25 நாள், ஜூன் 20-ஐ ஒட்டி. தட்டுகளை 50 சதவீத நிழல்வலையின் கீழ் வைத்து, காலையும் மாலையும் பூவாளியால் நனையுங்கள். கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, நேர் வெயிலுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக் கூட்டிப் பழக்குங்கள்.

நடவு மாலையில். பக்குவப்படுத்திய மண் நிரம்பிய பையில் வேர்ப்பந்து கலையாமல் இறக்கி, மூன்று நாள் ஓலையாலோ வலையாலோ மறைவு கொடுங்கள். அதே வாரத்தில் இதுவரை எடுத்து வைத்திருந்த அவரை விதையைப் பந்தலடியில் ஊன்றுங்கள். கார்த்திகையில் அது காய்க்கத் தொடங்கும்.